பச்சை மரத்தைப் பதமாக்கும் சிறு உலர்கூடம்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் ஆகிய தாலுகாக்களில் மரச்சிற்ப வேலையைக் கொண்டு ஜீவனம் செய்யும் குடும்பங்கள் பல உண்டு. வாகை, பூவரசு, வேங்கை, மா, தேக்கு முதலிய மரங்களில் அவர்கள் செதுக்கும் தெய்வத் திருவுருவங்களும், கதவு நிலைகளும், பலகைச் சித்திரங்களும் வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. 2019ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் விழுப்புரத்தினின்றும் பிரிந்து கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாயிற்று. 2021ஆம் வருஷத்தில் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரார் செய்த சரக்கை இவ்வூர்ப் பெயரிட்டு விற்றல் கூடாது என்பதே அக்குறியீட்டின் கருத்து. ஊர்ப்பெயர் சட்டத்தால் காக்கப்படும்போது, அப்பெயருக்குத் தக்க சரக்கைக் கொடுக்கும் பொறுப்பும் தொழிலாளர் எல்லோருக்கும் பொதுவாகிறது. ஒருவர் விற்ற சிற்பம் ஆறு மாதத்தில் வெடிக்குமாயின் அதனால் கெடுவது அவர் ஒருவருடைய பெயர் மட்டுமன்று.

சிற்பம் வெடிப்பதற்குக் கைத்திறமைக் குறைவு காரணமாவது அபூர்வம். பச்சை மரத்தில் வேலை செய்வதே பெரும்பாலும் காரணம். பச்சை மரத்தில் வேலை செய்பவர் அறியாமையால் அவ்வாறு செய்வதில்லை. மரவாடியில் கடனுக்கு வாங்கிய பலகையை ஆறு மாதம் நிழலில் கிடத்தி வைத்தால் வட்டி ஏறுகிறது, முன்பணம் கொடுத்தவர் நெருக்குகிறார், அடுப்பும் காத்திராது. காத்திருக்க வசதியுள்ளவன் பதமான மரத்தில் செதுக்குகிறான். வசதியற்றவன் பச்சை மரத்தில் உளியை வைக்கிறான். ஆதலால் மரத்தை உலர்த்துதல் கைவேலை சம்பந்தமான விஷயமாய் இருப்பதோடு கூட்டுறவு சம்பந்தமான விஷயமுமாகும். அங்கத்தினர் சிலர் சேர்ந்து அமைக்கத்தக்க ஒரு சிறு கூடத்தின் அளவுகளும், அதை நடத்தும் முறையும் இப்பாடத்தில் விவரிக்கப்படுகின்றன. இக்கூடத்துக்கு விறகு வேண்டுவதில்லை. சூரிய வெப்பமும் இரண்டு மின்விசிறிகளும் போதும்.

1. மரத்தில் ஜலம் இருக்கும் விதம்

மரம் நுண்ணிய குழாய்கள் அடர்ந்த கட்டு. பச்சை மரத்தில் அக்குழாய்களின் உள்ளே ஜலம் நிறைந்திருக்கும். அவற்றின் சுவர்களிலும் ஜலம் ஊறியிருக்கும். மரம் உலரும்போது முதலில் குழாய்க்குள்ளிருக்கும் ஜலம் போகிறது. இதனால் எடை குறையுமேயன்றி மரம் சுருங்குவதில்லை. உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்குச் சுமார் 28 முதல் 30 பங்கு வரை ஈரம் இறங்கிய பிறகே குழாய்ச் சுவர்களிலுள்ள ஜலம் வெளிப்படத் தொடங்கும். சுருக்கமும் அப்போதுதான் ஆரம்பமாகும்.

அச்சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவினதன்று. மரத்தின் நீளத்தில் அது கணக்கிடத் தக்கதன்று. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு உண்டு. வளையங்களைச் சுற்றிய திசையிலோ அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். முழுக்கட்டை உலரும்போது நடுவை நோக்கி ஆழ்ந்த வெடிப்புக் காண்பதும், பலகை ஓடுபோல் வளைவதும் இவ்வேற்றுமையால்தான்.

மற்றொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. பலகையின் மேற்புறம் முதலில் உலரும், உட்புறம் பின்தங்கும். மேற்புறம் சுருங்க முயலும்போது உட்புறம் இடங்கொடாவிட்டால் மேற்புறத்தில் வெடிப்பு உண்டாகும். கடும் வெயிலில் நேராகக் கிடத்திய பலகை ஒரே நாளில் வெடிப்பதன் காரணம் இதுவே. ஆகையால் நன்றாக உலர்த்துவதென்பது விரைவாகச் சூடேற்றுவதன்று. உள்ளீரம் மேலே வந்து சேரும் வேகத்துக்கு மிஞ்சாமல் மேலீரத்தைப் போக்குவதாகும். இவ்வொரு விதியை மனத்திற் கொண்டால் கீழே சொல்லப்படும் ஏற்பாடுகள் யாவும் எளிதில் விளங்கும்.

மரம் எவ்வளவு உலர்ந்தாலும் அதைச் சூழ்ந்த காற்றுக்குத் தக்கபடியே அதன் ஈரம் நிலைக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவிகிதமாயின் மரத்தின் ஈரம் சுமார் 12 சதவிகிதத்தில் நிற்கும். காற்று 85 சதவிகிதத்தை எட்டினால் மரமும் 17 சதவிகிதம் வரை ஏறும். காற்று 40 சதவிகிதமாக வறண்டால் மரம் 7 அல்லது 8 சதவிகிதத்துக்கு இறங்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் கள்ளக்குறிச்சியில் செதுக்கிய சிற்பம், குளிர்சாதனம் பொருத்திய பட்டணத்து அறையில் போய் நின்றவுடன் வெடிப்பது இதனால்தான். வீட்டினுள் வைக்கும் சிற்பத்துக்கு மரத்தை 10 முதல் 12 சதவிகிதம் வரை உலர்த்துதல் தகும்.

2. கூடத்தின் அளவும் அமைப்பும்

சூரிய வெப்பத்தால் மரம் உலர்த்தும் முறை புதியதன்று. 1906ஆம் வருஷத்தில் தேராதூனில் ஸ்தாபிக்கப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தார் 1970களில் இந்தியச் சீதோஷ்ணத்துக்கேற்ற சூரிய உலர்கூடம் ஒன்றை வகுத்தனர். அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும் தச்சர்களும் குடியானவர்களும் தாமே கட்டத்தக்க சிறு கூடத்தின் அளவுகளை வெளியிட்டிருக்கின்றனர். அவர்கள் கொண்ட கணக்கின்படி ஒரு கன அடி மரத்துக்குச் சுமார் 1¼ சதுர அடி வெயிற்கூரை வேண்டும். கூரை மிகப் பெரிதானால் மரம் வேகமாய் உலர்ந்து வெடிக்கும். மிகச் சிறிதானால் பூஞ்சணம் பிடிக்கும்.

இப்பாடத்திற் கொள்ளும் கூடம் சுமார் 40 கன அடி மரத்துக்கு உரியது. அதன் உள்ளளவு கிழமேல் 9 அடி, தென்வடல் 6 அடி. கூரையின் வெயிற்பரப்பு 54 சதுர அடி.

இடம்: காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மரநிழலோ கட்டட நிழலோ விழாத, மழைநீர் தேங்காத மேட்டுநிலமாய் இருத்தல் வேண்டும்.

தரை: மண்ணின் ஈரம் மேலே ஏறாதபடி பாலிதீன் தாளை விரித்து, அதன்மேல் செங்கல் பரப்பிச் சிமெண்டு பூச வேண்டும். சுற்றுத்தரையினும் 9 அங்குலம் உயரம் போதும்.

சுவர்கள்: தெற்குச் சுவர் 5 அடி உயரம், வடபுறம் 6½ அடி உயரம். கிழக்கு மேற்குச் சுவர்கள் அதற்கேற்பச் சாய்வாக அமையும். இச்சுவர்களைச் செங்கல்லால் கட்டி, உட்புறம் பூசி, ஈரம் புகாத கறுப்பு வர்ணம் அடிக்கலாம். வடபுறத்தில் சுவருக்குப் பதிலாக, உட்புறம் வர்ணம் பூசிய இரட்டைக் கதவு வைத்தல் நலம். அகலம் முழுவதும் திறக்குமாதலால் பலகைகளை வெளியில் நின்றவாறே உள்ளே அடுக்கலாம். கதவு இடுக்குகளில் ரப்பர் பட்டை வைத்துக் காற்று கசியாமல் செய்ய வேண்டும்.

கூரை: வடக்கிலிருந்து தெற்கே 6 அடிக்கு 1½ அடி சரிவு உண்டாகும். இச்சரிவு மழைநீர் வடியப் போதுமானது. கள்ளக்குறிச்சி சுமார் பதினொன்றே முக்கால் பாகை வட அட்சத்தில் இருப்பதால், சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகற் சூரியன் உச்சிக்கு வடக்கே செல்லும். ஆகவே வடதேசத்தாரைப் போலக் கூரையைச் செங்குத்தாகச் சாய்த்தல் இவ்விடத்துக்குப் பொருந்தாது. கூரைக்குக் கண்ணாடி உத்தமம். பணம் குறைவாயின் பசுமைக்குடில்களுக்குப் போடும் 200 மைக்ரான் பாலிதீன் தாளை, வெயிலுக்கு ஈடுகொடுக்கும் ரகமாகப் பார்த்து, இரண்டு மடிப்பாக இடலாம். சாதாரணப் பாலிதீன் சில மாதங்களில் நைந்துபோகும்.

வெப்பத் தகடு: கூரைக்கு 5 அங்குலம் கீழே, பளபளப்பில்லாத கறுப்பு வர்ணம் பூசிய நெளித்தகரத்தைப் பொருத்த வேண்டும். தென் ஓரத்திலும் வட ஓரத்திலும் அரையடி இடைவெளி விடுதல் அவசியம். வெயில் இத்தகட்டைச் சூடாக்கும். தகடு தன் மேலும் கீழும் செல்லும் காற்றைச் சூடாக்கும். அன்றியும், மரத்தின்மேல் நேர் வெயில் படாமல் தகடு தடுக்கும்.

விசிறிகள்: மர அடுக்குக்கு மேலே, தகட்டுக்குக் கீழே, 12 அங்குல வெளியேற்று மின்விசிறி இரண்டைப் பலகைத் தட்டியில் பொருத்தி, காற்றை வடக்கே தள்ளும்படி வைக்க வேண்டும். தட்டியிலிருந்து அடுக்கின் தலைவரை தார்ப்பாயைத் தொங்கவிட்டு மூட வேண்டும். இவ்வாறு செய்தால் சூடான காற்று வடபுறத்தில் இறங்கி, பலகைகளின் இடுக்கு வழியே தெற்கே வந்து, மீண்டும் தகட்டுக்கு ஏறிச் சூடாகும். தார்ப்பாய் இல்லாவிட்டால் காற்று அடுக்கின் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்; மரம் உலராது. விசிறி வைத்தும் பயன் காணாத கூடத்தில் முதலில் பார்க்க வேண்டிய குறை இதுவாகும்.

காற்றுவாய்கள்: தெற்குச் சுவரில் இரண்டும், வடக்குக் கதவில் இரண்டுமாக, அரையடிச் சதுரமுள்ள நான்கு வாய்கள் வேண்டும். தெற்கு வாய்களின் வழியே புதுக்காற்று புகும். வடக்கு வாய்களின் வழியே ஈரக்காற்று வெளியேறும். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவு திறக்கத்தக்க சறுக்குமூடியும், எலி புகாத கம்பிவலையும் தேவை.

இவ்விரு விசிறிகளும் ஒவ்வொன்றும் 60 வாட் உள்ளனவாய் நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம் சுமார் ஒரு யூனிட்டேயாகும். வெள்ளிமலை முதலிய கல்வராயன் மலைக் கிராமங்களில் மின்சாரம் தடைப்படும் இடங்களில், சூரியப் பலகையால் நேராக ஓடும் விசிறிகளை வைக்கலாம். வெயில் உள்ளபோது அவை ஓடும். வெயில் தணிந்தால் தாமே நிற்கும். கூடத்துக்கு வேண்டுவதும் அதுவே.

3. மரத்தை அறுத்து அடுக்கும் முறை

மரம் எங்கிருந்து வந்ததென்பதை முதலில் கேட்க வேண்டும். பட்டா நிலத்து மரமாயினும், வனத்துறையார் அனுமதியும் வழிச்சீட்டும் தேவைப்படும் ஜாதிகள் உண்டு. சீட்டில்லாத கட்டையைச் சங்கத்தின் கூடத்துக்குள் ஏற்றலாகாது. ஒருவர் தவறு சங்கத்தையே வழக்கில் இழுத்துவிடும்.

அறுவையில் கட்டையின் நடுச்சோற்றை விலக்கி அறுத்தல் வேண்டும். நடுச்சோறு உள்ள துண்டு எப்படி உலர்த்தினும் வெடிக்கும். ஓர் அடுக்கில் ஒரே ஜாதி மரமும் ஒரே கனமும் இருத்தல் நலம்.

மரத்தின் ஈரம் குறுக்குவாட்டில் செல்வதைவிட நீளவாட்டில் 10 முதல் 15 மடங்கு வேகமாய்ச் செல்லும். ஆதலால் வெட்டுமுனைகளே முதலில் உலர்ந்து பிளக்கும். அறுத்த அன்றே இரு முனைகளிலும் உருக்கிய மெழுகையோ கெட்டியான வர்ணத்தையோ இருமுறை பூசிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்துப் பூசினால், அதற்குள் தோன்றிய வெடிப்பு மூடப்படுமேயன்றி நீங்காது.

அடுக்கு 8 அடி நீளமும், 3½ அடி அகலமும், 3 அடி உயரமும் கொள்ளும். தரையில் 9 அங்குல உயரத்துக்கு ஏழு தாங்குகட்டைகளைக் குறுக்கே இட்டு, அவற்றின்மேல் ஒரு அங்குலச் சதுரமுள்ள ரீப்பர் துண்டுகளை 16 அங்குலத்துக்கு ஒன்றாக வைத்துப் பலகைகளைப் பரப்ப வேண்டும். 8 அடி நீளத்துக்கு வரிசைக்கு 7 ரீப்பர்; ஒரு அங்குலப் பலகையாயின் 18 வரிசை; ஆகவே 126 ரீப்பர் துண்டுகள் வேண்டும். அவை யாவும் உலர்ந்த மரத்தினவாயும் ஒரே கனமுள்ளவாயும் இருக்க வேண்டும். மேல் வரிசை ரீப்பர் கீழ் வரிசை ரீப்பருக்கும் தாங்குகட்டைக்கும் நேர்மேலே நிற்றல் மிக முக்கியம். ஓரங்குலம் விலகினால் பலகை அவ்விடத்தில் வளைந்து, அந்த வளைவோடேயே உலர்ந்துவிடும். உச்சியில் கருங்கற்களையோ சிமெண்டுக் கட்டிகளையோ ஏற்றினால் மேல்வரிசைகள் முறுக்கிக்கொள்ளா. அடுக்கின் இரு தலைப்பக்கங்களிலும் உள்ள அரையடி இடைவெளியைத் துணியால் அடைக்க வேண்டும்.

4. ஈரத்தை அளக்கும் முறை

கையால் தடவியும் தட்டிப் பார்த்தும் மரத்தின் பதத்தைச் சொல்லும் அனுபவசாலிகள் உண்டு. எனினும் உள்ளீரத்தை அளவின்றி நிச்சயமாய் அறிதல் அரிது. கீழ்க்கண்ட முறைக்குத் தராசும் சிறு மின் அடுப்புப்பெட்டியும் போதும்.

அடுக்கில் வைக்கும் பலகைகளுள், அதிக ஈரமுள்ளதாகத் தோன்றும் ஒன்றைத் தேர்ந்து, முனையிலிருந்து ஓரடி தள்ளி, 2 அடி நீளமுள்ள மாதிரிப் பலகை ஒன்றை வெட்டுக. அதன் இரு பக்கங்களிலிருந்தும் ஓரங்குலத் துண்டு ஒவ்வொன்று அறுத்து உடனே நிறுக்க வேண்டும். பிறகு அத்துண்டுகளை 103 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில், இரண்டு நிறுவைகள் ஒத்து வரும் வரையில் உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். ஈர எடையில் உலர் எடையைக் கழித்து, மிச்சத்தை உலர் எடையால் வகுத்து, நூறால் பெருக்கினால் ஈரத்தின் சதவிகிதம் கிடைக்கும்.

உதாரணம்: ஒரு துண்டின் ஈர எடை 114 கிராம், உலர் எடை 76 கிராம். போன ஜலம் 38 கிராம். 38ஐ 76ஆல் வகுத்து நூறால் பெருக்க, ஈரம் 50 சதவிகிதம். அப்பொழுது மாதிரிப் பலகை 2.7 கிலோ இருந்ததாகக் கொண்டால், அதன் உலர் எடை 2.7ஐ 1.5ஆல் வகுத்த 1.8 கிலோ. அப்பலகை 12 சதவிகிதம் அடையும்போது 1.8ஐ 1.12ஆல் பெருக்கிய 2.016 கிலோ நிறுக்க வேண்டும். இடையில் ஒருநாள் 2.52 கிலோ நிறுத்தால் அன்றைய ஈரம் 40 சதவிகிதம்.

மாதிரிப் பலகையின் முனைகளுக்கு மெழுகிட்டு, எளிதில் எடுத்து வைக்கத்தக்கபடி அடுக்கின் நடுவில் செருகி, நாள்தோறும் காலையில் நிறுத்து நோட்டுப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். ஊசிமுனை கொண்ட மின் ஈரமானிகள் இந்நாளில் கிடைக்கின்றன. அவை 7 முதல் 28 சதவிகிதம் வரை ஓரளவு நம்பத்தக்கவை. அதற்கு மேற்பட்ட ஈரத்தில் அவை காட்டும் எண்ணை நம்பலாகாது.

போக்க வேண்டிய ஜலத்தின் அளவை எண்ணிப் பார்த்தால் பொறுமையின் அவசியம் புலப்படும். முற்ற உலர்ந்த மரம் கன அடிக்கு 15 கிலோ என்று கொண்டால், 40 கன அடி 600 கிலோவாகும். 50 சதவிகித ஈரத்திலிருந்து 12க்கு இறங்க 228 கிலோ ஜலம் வெளியேற வேண்டும். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தால் அளந்தால் அது பதினைந்து குடம். இவ்வளவும் மரத்தை வருத்தாமல் காற்றோடு காற்றாய்ப் போக வேண்டும்.

5. நாள்தோறும் நடத்தும் முறை

முதல் வாரத்தில் காற்றுவாய்களைச் சிறிதளவே திறந்து வைக்க வேண்டும். கூடத்தினுள் உஷ்ணம் மிகாமலும் ஈரம் நிறைந்தும் இருத்தலே அப்போது வேண்டுவது. மாதிரிப் பலகையின் ஈரம் நாளொன்றுக்கு 2 முதல் 3 சதவிகிதத்துக்கு மேல் இறங்கலாகாது. மேற்கண்ட உதாரணப் பலகையில் அது 36 முதல் 54 கிராம் எடையாகும். அதற்கு மிஞ்சினால் வாய்களை மூடுக. குறைந்தால் சிறிது திறக்குக. மிகவும் கெட்டியான மரத்துக்கு 2 சதவிகிதமே மேல்வரம்பு. இலகுவான மரம் சற்று வேகத்தைத் தாங்கும். ஆயினும் பழகாத மரத்தை முதல் தடவை மெதுவாகவே நடத்த வேண்டும். பங்குனி, சித்திரையில் அனற்காற்று வீசும் நாட்களில், வாய்களை முழுதும் மூடியும் வேகம் தணியாவிட்டால் கூரையின் ஒரு பகுதியைச் சாக்கினால் மறைக்கலாம்.

ஈரம் 25 சதவிகிதத்துக்கு இறங்கிய பிறகு வாய்களைப் பாதியளவு திறக்கலாம். 18க்கு இறங்கியபின் உள்ளே வெப்பம் அதிகமாக வேண்டுமாதலால் மறுபடி ஒடுக்க வேண்டும். தெளிந்த வெயிலில் கூடத்தின் உட்புறம் வெளியைவிட 15 முதல் 20 டிகிரி வரை அதிகமாகச் சூடேறும்.

விசிறிகளைக் காலை 9 மணிக்கு ஓட்டி மாலை 5 மணிக்கு நிறுத்த வேண்டும். இரவில் ஓட்டுவது வீண்செலவு மட்டுமன்று, தவறுமாகும். இரவில் கூடம் குளிர, உள்ளிருக்கும் காற்றின் ஈரப்பதம் உயர்கிறது. பகலில் வறண்ட பலகையின் மேற்புறம் அவ்வீரத்தைச் சிறிது ஏற்று இளகுகிறது. உள்ளீரமும் மேலே வந்து சேர்கிறது. பகலில் ஏறிய இழுவிசை இரவில் தணிகிறது. நீராவியால் சூடேற்றும் பெரிய ஆலைகளில் இதற்கெனத் தனியாக ஆவி பாய்ச்ச வேண்டும். சூரியக்கூடத்திலோ இது இரவுதோறும் செலவின்றி நடைபெறுகிறது.

50 சதவிகிதத்தில் ஏற்றிய ஒரு அங்குலப் பலகை, தெளிந்த வெயிற்காலத்தில் சுமார் நான்கு வாரத்தில் பதமாகும். மப்பும் மழையுமான காலத்தில் அதைவிட அதிகமாகும். கனம் இரு மடங்கானால் காலம் ஏறத்தாழ மூன்று மடங்காகும். தை முதல் வைகாசி வரை நல்ல பருவம். ஐப்பசி, கார்த்திகையில் கூடத்தைச் செப்பனிட்டு, மரங்களை நிழற்கொட்டகையில் அடுக்கி வைக்கலாம். அவ்வாறு கொட்டகையில் 30 சதவிகிதம் வரை இறங்கிய மரத்தையே கூடத்தில் ஏற்றினால், ஒரு பருவத்தில் அதிகத் தடவைகள் கூடத்தை நிரப்பி எடுக்க முடியும்.

எடுக்குமுன் ஒரு சோதனை செய்ய வேண்டும். பலகையின் குறுக்கே ஓரங்குலத் துண்டு அறுத்து, அதன் கனத்தில் நடுப்பகுதியை நீக்கிக் கவைபோல் இரண்டு கால்களாக்கி, ஓர் இரவு வீட்டினுள் வைக்கவும். கால்கள் நேராக நின்றால் மரம் சமனப்பட்டிருக்கிறது. உள்ளே வளைந்தால் இழுவிசை மிஞ்சியிருக்கிறது. அப்படிப்பட்ட பலகை உளி பட்டதும் கோணும். அப்போது தரையில் ஜலம் தெளித்து, வாய்களை மூடி, ஓரிரு நாள் வைத்திருந்து மறுபடி சோதிக்க வேண்டும்.

6. இக்கூடத்துக்கு அடங்காதவை

மேற்கூறிய கூடம் இரண்டு அங்குலக் கனம் வரை உள்ள பலகைகளுக்கே உரியது. திருவுருவங்களுக்கு எடுக்கும் தடித்த கட்டைகளைப் பச்சையாக இதில் ஏற்றினால் மேற்புறம் உலர்ந்து நடுப்புறம் ஈரமாகவே நிற்கும். அவற்றை நடுச்சோறு நீங்க அறுத்து, அரையங்குலம் மிகைவிட்டு முதற்செதுக்கு செய்து, முதுகுப்புறத்தைக் குடைந்து கனத்தைக் குறைத்து, முனைகளுக்கு மெழுகிட்டு, காற்றோட்டமுள்ள நிழலில் பல மாதங்கள் வைக்க வேண்டும். ஈரம் 20 சதவிகிதத்துக்குக் கீழ் இறங்கிய பின்னரே கூடத்தில் வைத்து முடிக்கலாம். இதற்குக் குறுக்குவழி இல்லை.

வண்டுகளைக் கூடத்தின் வெப்பத்தால் ஒழித்துவிடலாம் என்று நம்புவதும் தவறு. ஏற்றுமதிப் பெட்டி மரங்களுக்குரிய சர்வதேச விதிப்படி, மரத்தின் நடுவிலும் 56 டிகிரி உஷ்ணம் 30 நிமிஷம் இடைவிடாது நிற்க வேண்டும். சூரியக்கூடம் அதற்கு உத்தரவாதம் தராது. வாகை முதலிய மரங்களின் வெளிவெளுப்புப் பகுதியில் உளுப்பு வண்டு எளிதில் பற்றும். ஆகவே அறுத்தவுடன், 100 லிட்டர் ஜலத்தில் 3 கிலோ வெங்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்த நீரில் பலகைகளை முக்கி, மூடிவைத்து ஊறவிட்டு, பிறகு உலர்த்த வேண்டும். கையுறை அணிதல் அவசியம். சமையற் சாமான்களுக்கும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கும் எடுக்கும் மரத்தில் இம்மருந்தை உபயோகிக்கலாகாது.

7. சங்கத்தின் கடமை

இக்கூடத்தை ஒருவரே கட்டிக்கொண்டால் ஆண்டில் பல மாதம் அது வெறுமையாய்க் கிடக்கும். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வைத்துக்கொண்டால் வெறுமையாய்க் கிடக்க இடமில்லை. அதற்குச் சில ஒழுங்குகள் வேண்டும்.

முதலாவது, முறைப் புத்தகம். மரம் ஏற்றும் வரிசை பதிவு செய்த தேதிப்படியே இருத்தல் வேண்டும். பெரியவர் சிறியவர் என்ற பாகுபாடு கூடாது. இரண்டாவது, நிறுவைப் புத்தகம். மாதிரிப் பலகையை நிறுக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு பலகையிலும் உடையவர் அடையாளமும், ஏற்றிய தேதியும், எடுக்கும்போதுள்ள ஈரமும் எழுதப்பட வேண்டும். மூன்றாவது, அவசரத்தின் பேரில் பாதி உலர்ந்த மரத்தை எடுக்க எவருக்கும் அனுமதி இல்லை என்ற தீர்மானம்.

இம்மூன்றாவது தீர்மானத்தை நிறைவேற்றுதல் எளிதன்று. முன்பணம் வாங்கியவர், குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்காகப் பலகையைக் கேட்டு வந்து நிற்பார். அவரைத் தீர்மானத்தைக் காட்டித் திருப்பி அனுப்புவது கூட்டுறவாகாது. அதற்குரிய பரிகாரம், சங்கம் உலர்ந்த பலகைகளைக் கொஞ்சம் சேமிப்பாக வைத்திருந்து, பச்சைப் பலகையைப் பெற்றுக்கொண்டு, உலர்ந்ததை மாற்றிக் கொடுப்பதேயாம். பெறும் பச்சைப் பலகை பின்னர் பதமாகிச் சேமிப்பில் சேரும். கூடத்தில் ஒவ்வொரு தடவையும் எடுக்கும் மரத்தில் இருபதில் ஒரு பங்கை வாடகையாகப் பெற்றால், 40 கன அடிக்கு 2 கன அடி சேரும். ஒரு பருவத்தில் ஐந்து தடவையாயின் 10 கன அடி. பணமாக வாடகை கொடுக்க இயலாதவரும் இவ்விதம் கொடுக்கலாம்.

1904ஆம் வருஷத்துச் சட்டத்தின் பின்னர்ச் சென்னை ராஜதானியில் தோன்றிய முதற் சங்கங்கள், விளைச்சல் வரும்வரை குடியானவனால் காத்திருக்க முடியாமையால் அவன் அடைந்த துன்பத்தை நீக்கவே ஏற்பட்டன. மரச்சிற்பியின் நிலையும் அதுவே. மரம் உலரக் காலம் வேண்டும். அக்காலத்தைத் தனியொருவனால் தாங்க முடிவதில்லை. பலர் சேர்ந்தால் தாங்கலாம். கூடத்தின் செங்கல்லும் தகரமும் விசிறியும் அதற்குக் கருவிகளே. பதமான பலகை எந்த அங்கத்தினருக்கும் எந்த மாதத்திலும் கிடைக்கும் நிலையை உண்டாக்கிவிட்டால், பச்சை மரத்தில் உளி வைக்கும் கட்டாயம் எவருக்கும் இராது.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. பலகையை நேர் வெயிலில் காயவைத்தால் வெடிப்பது ஏன்? அதைக் கூடம் எவ்வாறு தடுக்கிறது?

2. விசிறிகளை இரவில் நிறுத்துவதால் மரத்துக்கு உண்டாகும் நன்மை யாது?

3. ஒரு துண்டின் ஈர எடை 93 கிராம். உலர் எடை 60 கிராம். ஈரம் எத்தனை சதவிகிதம்? அதே மரத்தின் மாதிரிப் பலகை 2.48 கிலோ இருந்தால் அதன் உலர் எடை என்ன? 12 சதவிகிதத்தில் அது எவ்வளவு நிறுக்கும்?

4. சென்ற வருஷம் இச்சங்கத்து அங்கத்தினர் செய்த சிற்பங்களுள் வெடிப்பினால் திரும்பி வந்தவை எத்தனை? அவற்றின் கிரயம் என்ன? அத்தொகையைக் கூடத்தின் செலவோடு ஒப்பிடுக.

5. சங்கத்துக்கு முதல் உலர்ந்த பலகைச் சேமிப்பை எவ்விதம் உண்டாக்கலாம்?

மூன்றாவது வினாவின் விடை: 55 சதவிகிதம், 1.6 கிலோ, 1.792 கிலோ.